பம்பிங் எவ்வளவு? இதயச் செயலிழப்பில் ஸ்கேன் முடிவைச் சொல்லும் விதம்

எக்கோ எடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வருபவரிடம் உறவினர்கள் முதலில் கேட்பது, ‘பம்பிங் எவ்வளவாம்?’ என்பதைத்தான். வார்டில் பயிற்சி மருத்துவர் தன் சீனியருக்குச் சொல்வதும், அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மயக்க மருந்து நிபுணர் ஃபைலில் தேடுவதும் அதே எண்தான். ‘முப்பது தான் சார்’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் விளங்கிவிட்டது போல ஒரு தோற்றம் உண்டாகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: அந்த எண் சுலபமாகக் கைமாறிவிடுகிறது, அது எப்படி அளக்கப்பட்டது, எவ்வளவு நம்பலாம், முன்பு எவ்வளவு இருந்தது, இனி என்ன செய்யப்போகிறோம் என்பவை வழியிலேயே தங்கிவிடுகின்றன. நோயாளிக்கும் சக மருத்துவருக்கும் தேவைப்படுவது இந்த நான்கும்தான். சொல்லும் மொழி மட்டுமே ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

தமிழ்நாட்டில் இது கூடுதலாக முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ரிப்போர்ட் முதலில் போய்ச் சேர்வது நோயாளியின் கைக்கு. பணம் கட்டி, எக்கோ எடுத்து, அரை மணி நேரத்தில் கவரை வாங்கிக்கொண்டு, அதன் புகைப்படத்தை வாட்ஸாப்பில் வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவிட்டுத்தான் பலர் மருத்துவரின் அறைக்குள் நுழைகிறார்கள். அமெரிக்காவில் சோதனை முடிவுகளைத் தாமதமின்றி நோயாளி பார்க்கலாம் என்ற விதி 2021 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. பிறகு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அங்கே நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், சுமார் 96 சதவீதம் பேர் மருத்துவர் பார்க்கும்வரை காத்திராமல் உடனே முடிவைத் தெரிந்துகொள்வதையே விரும்புவதாகச் சொன்னார்கள். ஆகவே முடிவை மறைத்து வைப்பது தீர்வாகாது. நோயாளியும் படிக்கப்போகிறார் என்பதை மனதில் வைத்து எழுதுவதே வழி.

அந்த எண் எதை அளக்கிறது

பேச்சு வழக்கில் ‘பம்பிங்’ எனப்படுவது ஈ.எஃப்., அதாவது இடது கீழறை நிரம்பும்போது கொள்ளும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. மூன்று இதயங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 120 மில்லி கொள்கிறது, 70 மில்லி தள்ளுகிறது, ஈ.எஃப். 58 சதவீதம். இரண்டாவது விரிந்து தளர்ந்த இதயம், 200 மில்லி கொள்கிறது, அதே 70 மில்லியைத் தள்ளுகிறது, ஈ.எஃப். 35. மூன்றாவது சுவர் தடித்து விறைத்த இதயம், 75 மில்லிதான் கொள்கிறது, 45 தள்ளுகிறது, ஈ.எஃப். 60. இந்த மூன்றில் எண் மிக உயர்வாக உள்ள இதயமே ஒரு துடிப்புக்கு மிகக் குறைவான ரத்தத்தை உடலுக்கு அனுப்புகிறது. அந்த நோயாளி இரண்டு மாடி ஏறினால் மூச்சிரைக்க உட்கார்ந்துவிடுகிறார். ரிப்போர்ட்டிலோ ‘குட் எல்.வி. ஃபங்ஷன்’ (எல்.வி. என்றால் இடது கீழறை) என்று எழுதியிருக்கும்.

வால்வுக் கசிவு இருந்தால் கணக்கு இன்னும் ஏமாற்றும். மைட்ரல் வால்வு கடுமையாக லீக் ஆகும்போது, தள்ளப்படும் ரத்தத்தில் ஒரு பகுதி மகாதமனிக்குப் போகாமல் பின்னோக்கி மேலறைக்கே திரும்புகிறது. கீழறைக்கு இது சுலபமான வேலை என்பதால் ஈ.எஃப். பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதனால்தான் வால்வின் சொந்தக் கோளாறால் வரும் கடுமையான மைட்ரல் கசிவில், ஈ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலே, தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையை யோசிக்கச் சொல்கின்றன வழிகாட்டு நெறிகள். ஒருவருக்கு 60 நிம்மதி தரும் எண். இன்னொருவருக்கு அதே 60 எச்சரிக்கை.

எவ்வளவு நம்பலாம்

1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் பார்க்கப் பயன்பட்ட மீயொலிக் கருவியை இரவல் வாங்கி இதயச் சுவரின் அசைவைப் பதிவு செய்தார்கள். எக்கோவின் தொடக்கம் அதுதான். அன்று ஒற்றைக் கோட்டில் தெரிந்த அசைவு இன்று முப்பரிமாணப் படமாக வளர்ந்துவிட்டது. ஆனால் பழைய ஒற்றைக் கோட்டு முறை இன்னும் முழுதாக விடைபெறவில்லை. கீழறையின் குறுக்களவை ஓர் இடத்தில் அளந்து அதிலிருந்து முழு அறையின் கொள்ளளவை ஊகிக்கும் டைக்கோல்ஸ் முறை, நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் இன்றும் சகஜம். மாரடைப்பில் சுவரின் ஒரு பகுதி மட்டும் செயலிழந்தவருக்கு, அளந்த இடம் நன்றாகச் சுருங்கும் பகுதியாக அமைந்துவிட்டால் எண் தாராளமாக வந்துவிடும். ஈ.எஃப். கணக்கிட இந்த முறை வேண்டாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்களின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை தெளிவாகவே சொல்கிறது. இரண்டு கோணங்களில் அறையின் உள்விளிம்பை வரைந்து கணக்கிடும் சிம்ப்ஸன் முறையே பரிந்துரைக்கப்படுகிறது.

அதிலும் சந்தேகத்துக்கு இடமுண்டு. வரைபவரின் கை, ஆய்வுக்கருவி மார்பில் பட்ட கோணம், நோயாளியின் உடல்வாகு, அந்த நேரத்து ரத்த அழுத்தம் எல்லாம் எண்ணை அசைக்கும். துடிப்பு ஒழுங்கற்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரிடம் ஒரு துடிப்பை அளந்து எழுதினால் அது அந்தத் துடிப்பின் எண் மட்டுமே. குறைந்தது ஐந்து துடிப்புகளின் சராசரி வேண்டும். வழக்கமான இருபரிமாண எக்கோவில் ஒரே ஆளைச் சில மாதங்கள் கழித்து அளந்தால், இதயத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே பத்துப் புள்ளி வரை வித்தியாசம் வரக்கூடும். முப்பரிமாண எக்கோவில் இது ஐந்தாறு புள்ளியாகக் குறைகிறது. எக்கோ, எம்.ஆர்.ஐ., அணுக்கதிர் ஸ்கேன் ஆகியவற்றின் எண்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளவும் முடியாது. பைபாஸ் சிகிச்சை குறித்த ‘ஸ்டிச்’ ஆய்வின் நோயாளிகளிடம் இந்த முறைகளை ஒப்பிட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான் எண்கள் ஐந்து புள்ளிக்குள் ஒத்துப்போயின.

ஆகவே ‘போன தடவை 38, இப்போ 34, குறைஞ்சுடுச்சே’ என்று கலங்கும் நோயாளிக்குச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: ‘இது அளவையில் வரக்கூடிய வித்தியாசம்தான், உங்கள் இதயம் மோசமாகிவிட்டதாக இதை வைத்துச் சொல்ல முடியாது.’ ‘34இல் இருந்து 38 ஆகிவிட்டது, மருந்து வேலை செய்கிறது’ என்று மகிழும் மருத்துவருக்கும் இதே வாக்கியம் பொருந்தும்.

எல்லைக்கோடுகள் எங்கிருந்து வந்தன

40 வரை ஒரு வகை, 41 முதல் 49 வரை நடுவகை, 50 முதல் இன்னொரு வகை என்று இதயச் செயலிழப்பைப் பிரித்திருப்பதை இதயமே வகுத்த எல்லையாக நினைத்துவிடக் கூடாது. மருந்துகளைச் சோதித்த பெரிய ஆய்வுகள் எந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டனவோ அதை ஒட்டித்தான் இந்தக் கோடுகள் நிலைத்தன. 35 சதவீதம் என்ற கோட்டைத் தாண்டினால் திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி பொருத்துவது பற்றிய முடிவே மாறுகிறது. அளவையின் தள்ளாட்டம் ஐந்து முதல் பத்துப் புள்ளி. முடிவு தொங்குவதோ ஒற்றைப் புள்ளியில். இந்த இடத்தில் ‘34’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பது போதாது. எந்த முறையில் அளந்தது, படம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடைமொழிகளில் குழப்பம் இன்னும் அதிகம். ஓர் ஆணின் ஈ.எஃப். 53 என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சங்கத்தின் 2015 பட்டியலில் ஆணுக்கு 52 முதல் 72 வரை இயல்பு, அவர் நார்மல். அதே 53 ஒரு பெண்ணுக்கு என்றால், பெண்களுக்கு இயல்பு 54இல் தொடங்குவதால், லேசான குறைவு. பிரிட்டிஷ் எக்கோ சங்கத்தின் 2020 பட்டியலில் 50 முதல் 54 வரை எல்லைக்கோட்டு நிலை. இதயச் செயலிழப்பு நெறிகளின்படி 50க்கு மேல் என்பதால் செயல்திறன் காக்கப்பட்ட வகை. எண் ஒன்று, பட்டம் நான்கு. ‘மைல்ட் எல்.வி. டிஸ்ஃபங்ஷன்’ என்று மட்டும் எழுதி எண்ணை விட்டுவிட்டால், அது எந்தப் பட்டியலில் வரும் ‘மைல்ட்’ என்று அடுத்த மருத்துவமனையில் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. அடைமொழி வேண்டுமானால் இருக்கட்டும். எண் கட்டாயம் இருக்க வேண்டும்.

நோயாளியிடம் சொல்லும்போது

சதவீதம் என்ற சொல்லே பாதிக் குழப்பத்தைக் கொண்டுவருகிறது. 35 சதவீதம் என்றதும், ‘அறுபத்தஞ்சு பங்கு இதயம் போயிடுச்சு’ என்று கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். பள்ளித் தேர்வில் தேறும் மதிப்பெண்ணாக 35ஐப் பழகிய ஊரில், 35 என்றால் ‘ஜஸ்ட் பாஸ்’, 30 என்றால் ‘ஃபெயில்’ என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் தப்பு. நூறு என்பது எந்த இதயத்துக்கும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆரோக்கியமான இதயமே ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான் தள்ளுகிறது. உங்களுடையது அந்த அறுபது எழுபதுக்கு எதிரே 35 என்று அடித்தளத்தை மாற்றிக் காட்டினால் எண் தன் உண்மையான அளவுக்கு வந்துவிடும்.

எப்போது சொல்கிறோம் என்பதும் பெரிய விஷயம். மாரடைப்பு வந்த இரண்டாம் நாள் எக்கோவில் 30 என்று வரலாம். ரத்த ஓட்டம் மீண்ட பிறகும் சில வாரம் மரத்துக் கிடக்கும் தசை பிறகு விழித்துக்கொள்வதுண்டு. மாரடைப்புக்கு 40 நாளுக்குள் ஐ.சி.டி. முடிவெடுக்கக் கூடாது என்ற நெறிக்கும் அடைப்பை நீக்கிய பிறகு மூன்று மாதம் பார்க்கும் வழக்கத்துக்கும் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது. ஆகவே முதல் வாரத்தில் ‘இனி முப்பதுதான்’ என்று குடும்பத்திடம் தீர்ப்புச் சொல்வது அவசரம். ‘இப்போதைக்கு 30, மூன்று மாதம் மருந்துக்குப் பிறகு எடுக்கும் எக்கோதான் நிலையைச் சொல்லும்’ என்பது நேர்மையான விடை.

பயமுறுத்தும் சொற்கள் இன்னொரு பக்கம். ‘டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் கிரேடு 1’, ‘மைல்ட் எம்.ஆர்.’, ‘ட்ரிவியல் டி.ஆர்.’ என்ற மூன்றையும் ஒரே ரிப்போர்ட்டில் பார்ப்பவர் தனக்கு மூன்று வியாதி என்று முடிவு கட்டிவிடுகிறார். அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் 45 வயதைக் கடந்த 2,042 பேரை எக்கோவில் பார்த்து 2003இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு லேசான டயஸ்டாலிக் குறை தெரிந்தது. இதயச் செயலிழப்பு இருந்தது நூற்றுக்கு 2.2 பேருக்கு மட்டுமே. வயதாகும்போதும் ரத்தக்கொதிப்பாலும் இதயம் விரிந்து கொடுப்பது சற்று மந்தமாவதைத்தான் கிரேடு 1 பெரும்பாலும் காட்டுகிறது. எம்.ஆர்., டி.ஆர். என்பவை வால்வுக் கசிவுகள்; துளிக் கசிவு ஆரோக்கியமான வால்விலும் தெரியும். இவற்றை ரிப்போர்ட்டிலிருந்து நீக்கத் தேவையில்லை. ‘வயதுக்கு இயல்பானது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆனால் இதே டயஸ்டாலிக் வரிக்குள் உண்மையான நோயும் ஒளிந்திருக்கலாம். மேலறை பெருத்து, நுரையீரல் அழுத்தம் கூடி, மூச்சிரைப்போடு வருபவருக்கு ஈ.எஃப். 60 இருந்தாலும் இதயச் செயலிழப்பு இருக்கலாம். அங்கே ஸ்கேன் மட்டும் போதாது, என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை துணைக்கு வரும். அவசர நிலையில் இல்லாதவரிடம் அது 125க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கான வாய்ப்பு குறைவு. பருமனானவர்களிடம் இந்த அளவு பொய்யாகக் குறைந்தும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் கூடியும் வரும் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புரிந்ததா என்று சோதிப்பது தனிக் கலை. ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது டாக்டர்’ என்றுதான் பதில் வரும். மரியாதைக்காகச் சொல்லும் பதில் அது. கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்: ‘வீட்டுக்குப் போனதும் மருமக என்ன சொன்னாங்கன்னு கேட்பாங்களே, என்னம்மா சொல்வீங்க?’ ‘இதயம் வீங்கியிருக்காம், இனிமே மாடிப்படி ஏறவே கூடாதாம்’ என்று பதில் வந்தால், நாம் சொல்லாத ஒன்று அங்கே போய்ச் சேர்ந்திருப்பது அப்போதே தெரிந்துவிடும். அதே இடத்தில் திருத்தலாம்: ‘மூச்சு வாங்காத அளவுக்கு நடக்கலாம்மா, படியும் நிதானமா ஏறலாம். உப்பைத்தான் குறைக்கணும்.’ இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்.

அப்புறம், ‘அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்’ என்று கதவோரம் நின்று கேட்கும் மகன். அவர் நோக்கம் அன்புதான். ஆனால் இதயச் செயலிழப்பில் நாள்தோறும் வேலை செய்ய வேண்டியவர் நோயாளியே. காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் நீர் சேர்கிறது என்று அறிந்து தகவல் சொல்ல வேண்டும். நீர் மாத்திரையை வெளியூர்ப் பயணத்துக்காக நிறுத்தக் கூடாது. தன் இதயத்தின் நிலை தெரியாதவர் இதில் எதையும் அக்கறையோடு செய்ய மாட்டார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அம்மாவையே கேட்டுவிட்டு, அவர் விரும்பும் அளவுக்குச் சொல்வதுதான் முறை.

‘இன்னும் எத்தனை வருஷம்?’ என்ற கேள்விக்கு எக்கோவில் விடை கிடையாது. வயது, சிறுநீரகம், ரத்த அழுத்தம், மருந்தைத் தாங்கும் சக்தி எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அதற்காக மௌனம் காப்பதும் சரியல்ல. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதயச் செயலிழப்பு நோயாளிகள் தமக்கு எஞ்சியிருக்கும் ஆயுளைக் கணிப்பு மாதிரி காட்டியதைவிடக் கணிசமாகக் கூட்டியே எண்ணியிருந்தார்கள். சொல்லாமல் விட்ட இடத்தைக் கற்பனை நிரப்பிக்கொள்கிறது.

சக மருத்துவரிடம் சொல்லும்போது

நல்ல ரிப்போர்ட் நல்ல கேள்வியிலிருந்து பிறக்கிறது. கோரிக்கைச் சீட்டில் ‘எக்கோ’ என்று ஒற்றைச் சொல் இருந்தால், வரும் விடையும் எல்லாவற்றையும் சொல்லி எதையும் சொல்லாததாகவே இருக்கும். ‘மூன்று வாரமாக மூச்சிரைப்பு, கால் வீக்கம், போன ஆண்டு ஈ.எஃப். 45, புதிதாகக் குறைந்ததா, வால்வு காரணமா?’ என்று இரண்டு வரி எழுதினால், எக்கோ செய்பவரின் கண் போகும் இடமே மாறும்.

பதில் எழுதுபவருக்கும் கடமைகள் உண்டு. நம் ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் ‘நோ கிளாட், வெஜிடேஷன், பி.இ.’ என்ற வரியில் முடிகின்றன. எக்கோ அறையில் பி.இ. என்றால் இதய உறைக்குள் நீர். அவசரப் பிரிவில் பி.இ. என்றால் நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி. மூச்சுத் திணறலோடு வந்தவரின் ஃபைலில் ‘நோ பி.இ.’ என்பதை இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் எப்படி வாசிப்பார் என்று யோசித்தால், சுருக்கெழுத்தில் மிச்சமாகும் மூன்று வினாடி எவ்வளவு விலை பெறும் என்பது தெரியும். முடிவுரை முதலில் வர வேண்டும்; அளவைகளின் பட்டியல் கீழே போகட்டும். உறைக்குள் நீர் தேங்கி இதயத்தை நெருக்குவது, கீழறைக்குள் ரத்தக்கட்டி போன்றவை தெரிந்தால் காகிதத்தை நம்பாமல் போனில் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை தருபவருக்கு ஈ.எஃப்.ஐ விடப் பயன்படும் வரிகளும் உண்டு. கீழ்ப்பெருஞ்சிரை 21 மில்லிமீட்டருக்கு மேல் பருத்து, மூச்சை இழுக்கும்போதும் பாதிக்குக் கீழேயே சுருங்கினால் வலது மேலறையில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். நீர் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க இது உதவும். வலது பக்கம் எப்படி இருக்கிறது, சுவர் முழுவதும் மந்தமா அல்லது ஒரு தமனியின் எல்லைக்குள் மட்டுமா என்பதும் அப்படியே. 2013இல் 1,205 பேரைச் சேர்த்த திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் நூற்றுக்கு 72 பேருக்கு ரத்தக்குழாய் அடைப்பே காரணமாக இருந்தது. ஆகவே ‘எந்தச் சுவர்?’ என்ற கேள்வி தென்னிந்தியாவில் எப்போதும் பொருத்தமானது.

அதே பதிவேடு கசப்பான இன்னொன்றையும் காட்டியது. இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் நெறிகள் சொல்லும் மருந்துகள் எல்லாவற்றோடும் வீடு திரும்பினார். எண் அளக்கப்பட்டது, எழுதப்பட்டது, ஆனால் செயலாகவில்லை. ஈ.எஃப். 40க்குக் கீழே இருப்பவருக்கு இன்று நான்கு வகை மருந்துகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ‘ஈ.எஃப். 32, நான்கு மருந்துகளுக்கும் உரிய நிலை, மூன்று மாதம் கழித்து மறு எக்கோ’ என்று முடிவுரையில் ஒரு வரி சேர்ப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் நினைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் தாளைக் கையில் வாங்கும் மருத்துவருக்கு அது பேருதவி.

எண் ஏறினாலும் கவனம்

28இல் இருந்து 52க்கு ஏறிய ரிப்போர்ட், ‘நார்மல் எல்.வி. ஃபங்ஷன்’ என்று மட்டும் சொன்னால் ஆபத்து. நோயாளி மாத்திரையை நிறுத்துவார். பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காத புதிய மருத்துவரும் நிறுத்தச் சொல்லலாம். 2019இல் வெளியான ‘ட்ரெட் எச்.எஃப்.’ ஆய்வில், இதயத் தசை நோயிலிருந்து தேறியவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்த 26 பேரில் ஒருவருக்கும் இல்லை. 40 அல்லது அதற்குக் கீழே இருந்து, குறைந்தது 10 புள்ளி ஏறி, 40ஐத் தாண்டியவர்களை ‘மேம்பட்ட’ வகை என்று 2021இல் தனியாகப் பெயரிட்டார்கள். குணமாகிவிட்டது என்று சொல்லாமல், மருந்தோடு மேம்பட்டிருக்கிறது என்று எழுதுவதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

புற்றுநோய் மருந்து எடுப்பவர்களிடம் சிக்கல் தலைகீழ். அங்கே 10 புள்ளி சரிந்து 50க்குக் கீழே போனால் இதய பாதிப்பு என்று பொருள். வழக்கமான எக்கோவின் பிழையும் ஏறக்குறைய அதே 10. அதனால்தான் ஒரே முறையில், முடிந்தால் ஒரே இயந்திரத்தில் எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள். புற்றுநோய் நிபுணர் உயிர்காக்கும் ஒரு மருந்தை நிறுத்துவாரா, தொடர்வாரா என்பது அந்த ஒப்பீட்டில் இருக்கிறது.

நேரம் ஏது?

அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவில் காலை வரிசையைப் பார்த்தவர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்பார், நியாயமான கேள்விதான். அளக்கும் வேலையை இயந்திரம் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், செயற்கை நுண்ணறிவு போட்ட முதற்கட்ட ஈ.எஃப்.ஐ இதய நிபுணர்கள் கணிசமாகத் திருத்தியது 16.8 சதவீதப் பரிசோதனைகளில்; எக்கோ தொழில்நுட்பர் போட்டதைத் திருத்தியது 27.2 சதவீதத்தில். கோடு வரைவதில் மிச்சமாகும் நேரம் விளக்குவதற்குத் திரும்பினால் நல்லது. வேலையைப் பிரித்துக்கொள்ளவும் முடியும்: கண்டுபிடிப்பை எக்கோ செய்பவர் எழுதட்டும், அடுத்து என்ன என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் சேர்க்கட்டும், எடை, உப்பு, மாத்திரை பற்றிப் பயிற்சி பெற்ற செவிலியர் பேசட்டும். நோயாளிக்குரிய தமிழ்ப் பகுதி டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இடம்பெறலாம். அது இப்படி இருந்தால் போதும்:

‘உங்கள் இதயத்தின் இடது பக்கம் பெரிதாகி, சுருங்கும் வலு குறைந்திருக்கிறது. நலமானவர்களுக்கு 55 முதல் 70 வரை இருக்கும் அளவு உங்களுக்கு 32. போன ஆண்டு 30. பெரிய மாற்றம் இல்லை. வால்வுகளில் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறோம். மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே வாருங்கள்.’

இதில் மருத்துவச் சொல் ஒன்றிரண்டுதான். எண்ணும் ஒப்பீடும் அடுத்த வேலையும் முழுதாக இருக்கின்றன. வேறு ஊர் மருத்துவர் படித்தாலும் இதிலிருந்தே சிகிச்சையைத் தொடர முடியும். ஒரு ஸ்கேனைப் பற்றி இந்தச் சில வாக்கியங்களை எழுத முடியவில்லை என்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் மொழி அல்ல. எந்தக் கேள்விக்கு விடை தேடி அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் விட்டதுதான். அந்தத் தீர்மானம் எக்கோ அறைக்கு வெளியே, சீட்டு எழுதும் மேசையிலேயே நடக்க வேண்டியது.